சேத்தூர் பேண்டேஜ் பெயருக்கு என்ன விலை?

வேலையில் சேர்ந்த முதல் நாளே நீங்கள் மூன்று பேரும் ஒரு காரியம் செய்தீர்கள். இணையப் பெயருக்கு விலை சொல்லும் தளம் ஒன்றில் நம் ஆபீஸ் பெயரைத் தட்டிப் பார்த்தீர்கள். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு தொகை வந்தது. "அக்கா, நம்ம கம்பெனி பேரை விட வாசல்ல நிக்கிற என் பைக்குக்கு விலை கூட" என்று உங்களில் ஒருத்தர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

வீட்டுக்குப் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் இருபது வருஷத்துக்கு மேல் இந்த டொமைன் தொழிலில் இருந்தவள், ஒரே ஒரு தடவை அந்தத் தளம் மாதிரியே யோசித்தேன். எழுத்தை எண்ணினேன், விலை சொன்னேன். அதனால் சேத்தூரில் ஒரு தறிக்கூடத்தின் பிழைப்பே கைமாறிப் போக இருந்தது. இந்த மாதக் கடைசியோடு நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறேன். போகிறதுக்கு முன்னால் அதை எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. பட்டனை எங்கே அமுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரப் பதிவு ஆபீஸ் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்துத்தான் தொடங்கினேன். நான்கு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பத்திர எழுத்தர் கடை. என் வயசுக்காரர்தான். எந்நேரமும் என்னிடம் வம்புக்கு நிற்பார். அவர் பேரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஒருநாள் என் கடைக்கு வந்து, "நீ காத்தை விக்கிறியாமே, ஊரே பேசுது" என்றார்.

"காத்து இல்ல, பேரு விக்கேன். நீங்க மனைக்குப் பத்திரம் எழுதுற மாதிரிதான்" என்றேன்.

"அப்படியா? அப்ப மனைக்கு நான் கேக்கதை உன்கிட்ட கேக்கேன், பதில் சொல்லு. அந்தப் பக்கம் யாரு நடமாடுதா? முந்தி யாரு வச்சிருந்தா? இப்ப தாள் யாரு பேர்ல இருக்கு? கேட்டு வந்தவன் எதுக்குக் கேக்கான்? இந்த நாலும் தெரியாம நான் மனைக்கு விலையே பேச மாட்டேன்."

அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் வேறு. பெயர் குட்டையாக இருக்க வேண்டும். போனில் ஒருதரம் சொன்னால் மறுதரம் கேட்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியில் காம் என்று முடிந்தால் வெளிநாட்டுக்காரனும் வாங்குவான், இன் என்று முடிந்தால் உள்ளூர்க்காரன் வாங்குவான். இன்னொரு கம்பெனியின் பெயரைத் தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது, வக்கீல் நோட்டீஸ் வரும். இதெல்லாம் சரிதான். இன்றைக்கும் சரிதான். ஆனால் இது மனையின் நீள அகலம் மட்டும்தான்.

அவர் கேட்ட இரண்டாவது கேள்வியின் அருமை சீக்கிரமே தெரிந்தது. பால்கோவா கடைக்காரர் ஒருத்தருக்கு, யாரோ புதுப்பிக்காமல் விட்ட ஒரு நல்ல பெயரை மலிவாகப் பிடித்துக் கொடுத்தேன். குட்டைப் பெயர், அழகான பெயர். அவர் கடையில் எனக்கு ஒரு கிலோ பால்கோவா இலவசம். ஆடிப்பூரத்துக்கு முன்னால் பழைய வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் அதிலிருந்து மெயில் அனுப்பினார். ஒருத்தர்கூடப் பதில் போடவில்லை. தேடிப் பார்த்தால் அத்தனையும் குப்பைப் பெட்டியில் கிடக்கிறது. முன்பு அந்தப் பெயரை வைத்திருந்தவன் ஊருக்கெல்லாம் லாட்டரி விழுந்திருப்பதாக மெயில் அனுப்பிப் பிழைத்தவனாம். பத்திர எழுத்தர் கேட்டுவிட்டு, "வில்லங்கம் பாக்காம மனை வாங்கினவ நீ ஒருத்திதான்" என்று ஒரு மாசம் கேலி செய்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் பழைய கதையைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது. நீங்களும் தோண்டுங்கள்.

மூன்றாவது கேள்வி, தாள் யார் பேரில் இருக்கிறது என்பது. இதில்தான் நம் பக்கத்துக்காரர்களாகிய நாம் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. வேறு ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

ஆரம்பத்தில் நான் பதிந்து கொடுத்த இரண்டு மூன்று கடைகள் நன்றாக ஓடின. உடனே 'அந்த அக்காவுக்குக் கைராசி' என்று பேச்சு கிளம்பிவிட்டது. முகூர்த்த நாள் பார்த்து வருவார்கள். ராகுகாலம் போகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நேரம் வந்ததும், "அக்கா, உங்க கையாலயே போடுங்க" என்பார்கள். சரி, போடுவேன். உரிமையாளர் பெயர் என்று ஒரு கட்டம் வருமே, அங்கே வந்ததும், "அதுலயும் உங்க பேரே இருக்கட்டும்க்கா. உங்க பேர்ல இருந்தாத்தான் விளங்கும்" என்பார்கள். நானும் பூரித்துப் போய் என் பெயரையே போட்டேன். வருஷா வருஷம் புதுப்பிக்கவும் அதுதான் சுலபம். இப்படி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் நூற்றுக்கு மேல் பெயர்கள். காகிதப்படி பார்த்தால் அம்புட்டுக்கும் நான்தான் சொந்தக்காரி.

அதில் ஒன்று பொன்னுத்தாயுடையது.

பொன்னுத்தாய்க்குச் சேத்தூரில் பேண்டேஜ் துணித் தறிக்கூடம். வீட்டுக்காரர் இருந்தபோது அவர்தான் வந்து பெயர் பதிந்தார். அவர்கள் வீட்டில் நின்ற ஒரு பசுவின் பெயர் அது, ஐந்தே இங்கிலீஷ் எழுத்து. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நம் தொழிலில் வாடிக்கைக்காரரின் பெயரை வாயில் போட்டு உருட்டக் கூடாது. அவர் போன பிறகு பொன்னுத்தாய் தறியைக் கையில் எடுத்தாள். துணி நெய்வது ஒரு கொட்டகை, அதை வெட்டிச் சுருட்டி, பெட்டியில் அடைப்பது ஒரு கொட்டகை. அடைக்கிற கொட்டகையில் பதினாலு பெண்கள், பாதிப் பேர் தேவதானத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, வெளியூரிலிருந்து ஒரு தரகர் எனக்குப் போன் செய்தார். இணையப் பெயர் தரகர்தான், இனிக்க இனிக்கப் பேசுகிறவர். "மேடம், உங்க பேர்ல இருக்கிற அந்த அஞ்செழுத்து காம் எங்க கிளையன்ட்டுக்கு வேணும். ஒரு நல்ல விலை போட்டுக் குடுங்க."

நான் பெயரைப் பார்த்தேன். ஐந்து எழுத்து, நல்லது. இங்கிலீஷில் அர்த்தமில்லாத சொல், அதனால் ரொம்பப் பெரிய விலை வராது. தளத்தைத் திறந்தால், வீட்டுக்காரர் காலத்தில் நான் போட்டுக் கொடுத்த ஒரே பக்கம், அதில் ஒரு தறி படம். வருகிறவர்கள் யாரும் இல்லை. மனசுக்குள் ஒரு தொகை போட்டேன். அவர் அதற்கு மேல் கொஞ்சம் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம்.

பொன்னுத்தாயைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பேரா? அதை வச்சு நான் என்னத்தக்கா செய்ய? எல்லாரும் வாட்ஸ்அப்புல தான பேசுதாங்க. பேக்கிங் கொட்டகையில கூரை ஒழுகுது. வெள்ளைத் துணியில ஒரு சொட்டு விழுந்தா அந்த ரோலே போச்சு. குடுத்திருவோம், தகரத்தையாவது மாத்தலாம்."

"நல்லா யோசிச்சுக்கோ பொன்னு."

"யோசிக்க என்ன இருக்கு? நீங்க பாத்துச் சொன்னா சரிதான்."

நீங்க பாத்துச் சொன்னா சரிதான். இந்தப் பேச்சை யாராவது உங்களிடம் சொன்னால் செத்த நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். நான் இருக்கவில்லை. தரகரையும் அவளையும் ஒரே இணைப்பில் போட்டேன். "குடுத்தோம் தம்பி. நான் சொன்னா சொன்னதுதான்" என்று அவள் வாக்குக் கொடுத்தாள். பெயரைக் கைமாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டுமல்லவா, அதை வியாழக்கிழமை நாலு மணிக்குள் நான் அனுப்புவதாகப் பேச்சு. போனை வைக்கும் முன் தரகர் ஒன்று சொன்னார்: "மேடம், மெயில் ஏதாவது ஓடிட்டிருந்தா அதை நிறுத்திடாதீங்க. இருக்கிறது இருக்கிற மாதிரியே வேணும்."

சரி என்றேன். அதை ஒரு மரியாதைப் பேச்சு என்று நினைத்துவிட்டேன்.

வியாழன் காலையில் சேத்தூருக்குப் பஸ் ஏறினேன். பெயர் என் பேரில் இருப்பதால், பொன்னுத்தாயின் சம்மதத்தோடுதான் விற்கிறேன் என்று அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று. அதுவும் அவளுக்காக யோசித்தது இல்லை. என் பாதுகாப்புக்காக.

பேக்கிங் கொட்டகையில் உட்கார நாற்காலி கிடையாது. ஒரு அட்டைப்பெட்டியைத் தள்ளிப் போட்டார்கள். தேவதானத்து மாரி ஒருத்தி இருந்தாள். கை சுருட்டிக்கொண்டே இருக்கும், வாய் பேசிக்கொண்டே இருக்கும்.

"ஏட்டி, பாத்துப் பெட்டி போடுங்க. அக்கா உக்காந்து அமுங்கிச்சுன்னா ஆஸ்பத்திரிக்காரன் திருப்பி அனுப்பிருவான்."

"நான் அம்புட்டுக் கனமா மாரி?"

"கனமா இருந்தாத்தான நல்லது. வெறும் காத்தை விக்கிறவுகன்னு சொல்லுதாங்க, பறந்துறாம இருக்கணும்ல?"

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே குனிந்தேன். நான் உட்கார்ந்திருந்த பெட்டியின் பக்கவாட்டில் அந்த ஐந்தெழுத்துப் பெயர் பச்சை மையில் அச்சாகியிருந்தது. பக்கத்துப் பெட்டியிலும். சுவர் வரைக்கும் அடுக்கியிருந்த எல்லாப் பெட்டியிலும்.

அப்போது ஆபீஸ் அறையிலிருந்து செல்வி வந்தாள். கணக்கு, கடிதம் எல்லாம் பார்க்கிற பெண். "அம்மா, பேப்பர் வந்திருக்கு" என்று ஒரு தாளைப் பொன்னுத்தாயிடம் நீட்டினாள். கேரளாவில் ஒரு ஆஸ்பத்திரி, ஆர்டர்.

"பேப்பர் எப்படி வருது?" என்று கேட்டேன்.

"மெயில்லக்கா. நான் பிரிண்ட் எடுத்துக் குடுத்திருவேன்."

"எந்த மெயில்?"

"என் போன்ல வருதுல்ல, அதுதான்" என்று போனைக் காட்டினாள். சாதாரண இலவச மெயில். ஆனால் எனக்கு ஏதோ உறுத்தியது. போனை வாங்கி, அந்த மெயில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று விரித்துப் பார்த்தேன்.

செல்விக்கு யாரும் அனுப்பவில்லை. அந்த ஐந்தெழுத்துப் பெயரின் முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த மெயிலைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது. கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லா ஆர்டரும் அந்தப் பெயர் வழியாகத்தான் வந்திருக்கிறது.

அந்த வழியைப் போட்டவள் நான். வீட்டுக்காரர் இருந்தபோது, "அந்த மெயிலை எல்லாம் திறந்து பாக்க எனக்குத் தெரியாது, சாதா மெயிலுக்கே வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க" என்று கேட்டார். அந்தப் பக்கம் விழுகிற கடிதம் தானாக இந்தப் பக்கம் வந்து விழுகிற மாதிரி அமைத்துக் கொடுத்தேன். அவர் போய், செல்வி வந்து, போன்கள் மாறி, யாருக்குமே அது தெரியாமல் போயிற்று. போட்ட நானே மறந்துவிட்டேன். தளத்தைத் திறந்து பார்த்து, யாரும் வருவதில்லை என்று விலை சொன்னேன். ஊர்ச் சனமெல்லாம் பின்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது.

'அந்தப் பக்கம் யாரு நடமாடுதா?' பத்திர எழுத்தரின் முதல் கேள்வி.

பொன்னுத்தாயைப் பக்கத்தில் உட்கார வைத்து மெல்லச் சொன்னேன். "பொன்னு, இந்தப் பேரை இன்னைக்குக் குடுத்தா, நாளையிலிருந்து இந்தப் பேப்பர் எல்லாம் வாங்கினவன் வீட்டுக்குப் போயிரும்."

"அதெப்படிக்கா? ஆர்டர் எங்களுக்குத்தான போடுதாங்க?"

"போடுறது உங்களுக்கு. போய்ச் சேருறது அந்தப் பேரு யாரு கையில இருக்கோ அங்க. அவன் அதை ஒளிச்சும் வைக்கலாம். எடுத்துப் படிச்சிட்டு, நான் மலிவாத் தாரேன்னு அவங்களுக்கே விலையும் அனுப்பலாம்."

"எல்லாத்துக்கும் புது மெயில் குடுத்திட்டா?"

அதையும் யோசித்தேன். எத்தனையோ ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றிலும் இந்த முகவரியைப் பதிந்து வருஷங்களாகிவிட்டது. பதிந்த ஆள் மாறிப் போயிருப்பார், ஃபைல் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க மாசக்கணக்கில் ஆகும். எங்களிடம் இருந்தது நாலு மணி வரைக்கும்.

மாரியின் கை அப்போதுதான் முதல்தடவையாக நின்றது. "அப்ப எங்க வேலையும் அந்தப் பேரோடயே போயிருமாக்கா?"

பதினாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்னை வைத்துச் சிரித்தவர்கள்.

பொன்னுத்தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாயால சொல்லிட்டேனேக்கா. குடுத்தோம்னு சொல்லிட்டேன். நூல்காரங்க எனக்குச் சரக்கு அனுப்புறதே நான் சொன்ன சொல்லு மாறாதுன்னுதான். எங்க வீட்டுக்காரவுக எனக்குச் சொல்லிட்டுப் போனதும் அதுதான்."

இதுதான் சங்கடம். கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, போனில் சொன்ன ஒரு வார்த்தை. வேறு யாராவது என்றால் 'அது ஒரு பேச்சா' என்று தள்ளிவிடுவார்கள். பொன்னுத்தாய் தள்ள மாட்டாள். அவளைத் தள்ளச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் நாலாவது கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. கேட்டு வந்தவன் எதுக்குக் கேக்கான்? அதோடு சேர்ந்து தரகர் கடைசியாகச் சொன்னதும். 'மெயிலை நிறுத்திடாதீங்க.' வெறும் எழுத்துக்காகப் பெயர் வாங்குகிறவனுக்கு அடுத்தவன் மெயில் எதற்கு? அவன் சுத்தமாகத் துடைத்துத் தாருங்கள் என்றல்லவா கேட்பான்?

கூடத்தில் எல்லோரும் கேட்க, ஸ்பீக்கரில் போட்டுத் தரகரைக் கூப்பிட்டேன். இரண்டு மணி இருக்கும்.

"தம்பி, வாங்குறது யாருன்னு சொல்ல முடியுமா?"

"அது ரகசியம் மேடம். உங்களுக்கே தெரியுமே."

"சரி. நான் ஒண்ணு செய்யுதேன். மெயில் எல்லாத்தையும் முழுசா அடைச்சிருதேன். ஒரு வருஷத்துக்கு அதைத் திறக்க மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வெறும் பேரை மட்டும் இப்பவே தாரேன். விலையில பாதி போதும்" என்றேன், ஆழம் பார்க்க.

"இல்ல மேடம், அது செட் ஆகாது. மெயில் ஓடணும். அதான் பேச்சு."

"பாதி விலைக்குக் கூடவா வேண்டாம்?"

"வேணும்னா ரெண்டு மடங்கு தாரோம் மேடம். ஆனா இருக்கிற மாதிரியே வேணும்."

தெரிந்துவிட்டது. பாதி விலைக்கு வேண்டாம், மெயிலோடு என்றால் இரண்டு மடங்கு. வாங்க வந்தவன் இதே பேண்டேஜ் வியாபாரத்தில் இருக்கிற யாரோ. அவனுக்குப் பசுமாட்டின் பெயர் எதற்கு? அவன் வாங்க வந்தது பொன்னுத்தாயின் தபால் பெட்டியை.

நான் தயங்குவதாக நினைத்து அவர் குரலைத் தாழ்த்தினார். ஸ்பீக்கரில் இருப்பது அவருக்குத் தெரியாது. "மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? ரெக்கார்டுல ஓனர் நீங்கதான். அந்தம்மாகிட்ட கேக்கணும்னு சட்டமே இல்ல. நீங்க அனுப்பினா முடிஞ்சது. ரெண்டு மடங்கும் உங்களுக்கே."

நான் பொன்னுத்தாயைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லையே. அத்தனை வருஷமாக அந்தக் கொட்டகையின் சாவி என் முந்தானையில் முடிந்து கிடந்திருக்கிறது. அவளுக்கும் தெரியாது, எனக்கே உறைக்கவில்லை. என்னுடைய கைராசி என்று நான் பூரித்துப் போனது இதைத்தானா என்று இருந்தது.

போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

"ஓனர் நான்தான்னு சொல்லுதீங்க?"

"ஆமா மேடம். நீங்க மட்டும்தான்."

"அப்ப நான் குடுக்கல."

"மேடம், அந்தம்மா வாக்குக் குடுத்தாங்க..."

"அவ வாக்குக் குடுத்தா. தாள் அவ பேர்ல இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. தாள் உள்ளவ நான், எனக்கு விக்க இஷ்டமில்ல. இனிமே இதுக்கு நீங்க எங்கிட்டதான் பேசணும், அவகிட்ட இல்ல."

"மார்க்கெட்ல உங்க பேரு கெட்டுப்போகும் மேடம். பேசி முடிச்சிட்டுப் பின்வாங்கினாங்கன்னு எல்லாருக்கும் சொல்லுவோம்."

"சொல்லுங்க. என் பேரையே சொல்லுங்க."

வைக்கப் போனேன். பொன்னுத்தாய் கையை நீட்டிப் போனை வாங்கினாள். எனக்குத் திக்கென்றது. வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று.

"தம்பி, நான்தான் பேசுதேன், சேத்தூர்க்காரி. எனக்குப் பாத்தியமில்லாத பொருளைத் தாரேன்னு சொல்லிட்டேன். அது எம்மேல தப்பு, மன்னிச்சுக்கிடுங்க. ஆனா நீங்க அக்காகிட்ட கடைசியில சொன்னதும் எங்காதுல விழுந்துச்சு. பதினாலு பேரு காதுலயும் விழுந்துச்சு. வச்சிருதேன்."

வைத்துவிட்டாள். மாரி மட்டும், "எலே, ரெண்டு மடங்குக்காரா" என்று போனைப் பார்த்து ஒரு முழக்கு முழக்கினாள். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பொன்னுத்தாய் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "ஏன்க்கா, அந்தாளு கேட்ட மாதிரி நீங்க குடுத்திருந்தா எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும்?"

"பேப்பர் வராம நின்ன பொறவு."

அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அப்படி உறைத்திருக்காது. கையெழுத்து வாங்கக் கொண்டுபோயிருந்த தாளைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்தேன். செல்வியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். உரிமையாளர் பெயர் என்கிற கட்டத்தில் பொன்னுத்தாயின் பெயரை அடித்தேன். குறியீட்டைத் தரகருக்கு அனுப்ப வேண்டிய அதே நாலு மணிக்கு, பெயர் மாறிவிட்டது என்ற தகவல் அவள் போனுக்கு வந்தது.

தரகர் சொன்னதைச் செய்தார். ஒரு வருஷத்துக்கு மேல் வெளியூர்த் தரகர் ஒருத்தரும் என் போனை எடுக்கவில்லை. நம் ஆபீஸ் அப்போது ஏன் அவ்வளவு சின்னதாக இருந்தது என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு காரணம் அது. போகட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு வேறு வேலை இருந்தது. நூற்றுக்கு மேல் பெயர்களை அவரவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அது லேசில் நடக்கவில்லை. கடை கடையாகப் போனேன். வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸுக்கு நின்று நின்று கால் வீங்கியது. "ஏன்க்கா, எங்க மேல என்ன கோவம்?" என்றார் அந்தப் பால்கோவா கடைக்காரர். ராஜபாளையத்தில் நாய்க்குட்டி விற்கிற ஒருத்தர், என் பெயரை எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று என்னைப் படியேறவே விடவில்லை. மூன்று தடவை போனேன். நாலாவது தடவை அவர் நாய்கள்கூடக் குரைக்கவில்லை, பழகிவிட்டது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். நாள் பாருங்கள், நேரம் பாருங்கள், பட்டனை என் கையாலேயே அமுக்குகிறேன். கட்டத்தில் மட்டும் உங்கள் பெயர். கை என்னுடையது, பெயர் உங்களுடையது. அதற்கு ஒத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் ஆயிற்று. இன்றைக்கு என் பெயரில் ஒரு பெயர்கூட இல்லை.

இனிமேல் உங்களிடமும் அப்படி வருவார்கள். உங்களில் யாராவது ஒருத்தருக்குக் கைராசி என்று பேச்சு கிளம்பும், நிச்சயம் கிளம்பும். அமுக்கச் சொன்னால் அமுக்குங்கள். கட்டத்தில் உங்கள் பெயரைப் போடச் சொன்னால், எவ்வளவு கெஞ்சினாலும் போடாதீர்கள். இது ஒன்றில் நான் உங்களுக்குச் சலுகை தர மாட்டேன்.

விலை சொல்லும் தளத்தை நான் பழிக்கவில்லை. அது எழுத்தை எண்ணும், அதே மாதிரிப் பெயர்கள் எவ்வளவுக்குப் போயின என்று பார்க்கும். பார்க்கட்டும். நீங்கள் அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். அந்தக் கடையில் போய் ஒரு பெட்டி மேல் உட்காருங்கள். பெட்டியில் என்ன அச்சாகியிருக்கிறது, பேப்பர் எந்த வழியாக வருகிறது, அந்த வழியை அடைத்தால் யார் கை சும்மா நிற்கும் என்று பாருங்கள். பொன்னுத்தாயின் பெயருக்கு நான் சொன்னது ஒரு கூரைத் தகரத்தின் விலை. அதன் உண்மையான விலை, மாரியின் கை நின்றபோது எனக்குத் தெரிந்தது. அதைக் கொடுத்து வாங்க ஆள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சொல்கிற நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தகரம் அந்த மழைக்குள் மாறவில்லை. தார்ப்பாயைக் கட்டி ஒப்பேற்றினார்கள். அதற்கடுத்த மழைக்கு முன்னால் மாறியது. பேப்பர் வந்துகொண்டிருந்ததால் மாறியது.

போன மாதம் சேத்தூருக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். நான் இருக்கும்போதே பொன்னுத்தாய்க்கு ஒரு போன் வந்தது. வேறொரு தரகர், அதே பெயர், பெரிய தொகை. இப்போது உரிமையாளர் அவள்தானே, நேராக அவளையே கூப்பிடுகிறார்கள். அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பாத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பேரு விக்கிறதுக்கு இல்ல தம்பி" என்றாள். "பேண்டேஜ் இருக்கு. எம்புட்டு வேணும், சொல்லுங்க."